ஜாசிப் போட்ட மறிப்பு

மின்ஷித் சுட்ட குண்டு நஷ்மியா வீட்டின் நாணல் சுவரில் நுழைந்து, அடுப்பில் இருந்த கெட்டிலின் மூக்கைக் கொய்துகொண்டு, எதிர்ச் சுவர் வழியாக வெளியேறி, ஈரான் பக்கமாகப் போயிற்று. எட்டு வருஷம் சண்டை நடந்ததில் எங்கள் பக்கத்துக் குண்டுகளுக்கு அந்த வழி பழகிவிட்டது. சண்டை நின்றுபோனதை யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லை. எல்லையில் ஒரு கொக்கு அதனால் செத்தது என்று பிற்பாடு கேள்வி. அதை நான் பார்க்கவில்லை, ஆகையால் சொல்ல மாட்டேன்.

கெட்டிலைப் பார்த்தேன். ஷேக்கின் நாணல் மண்டபத்தில் காபி காய்ச்சுகிறவன் நான். ஊரில் எங்கே சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து மண்டபத்தில் சொல்வது என் வேலையில் பாதி. மீதிதான் காபி.

நான் படகைக் கட்டிவிட்டு உள்ளே போனபோது நஷ்மியா பாய் முடைந்துகொண்டிருந்தாள். பிளந்த நாணலைக் குதிகாலால் அழுத்திப் பிடித்திருந்தாள். கை நிற்கவில்லை. பக்கத்தில் அவளுடைய பெரியம்மா உம் ஜாசிப், எருமைப் பாலாடையைத் தட்டில் வழித்துக்கொண்டிருந்தாள். சுட்ட மின்ஷித் இந்த அம்மாவின் இளைய மகன்தான்.

“பெத்த தாய் உள்ள இருக்கறப்பவா சுட்டான்?” என்றேன்.

“என் மவன் குறி தப்பாது. கெட்டிலைத்தான் சுட்டிருப்பான்” என்றாள் உம் ஜாசிப், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சித்தப்பா, அந்தக் கெட்டில் எங்கம்மாவோட சீதனம். அவன்கிட்ட சொல்லுங்க” என்றாள் நஷ்மியா, ஊருக்கே சித்தப்பாவான என்னிடம். “இன்னொரு கெட்டில் இல்ல, அதையும் சொல்லுங்க. அடுத்த தடவை என்னைத்தான் சுட வேண்டியிருக்கும்.”

“வாய் மட்டும் குறையல” என்றாள் பெரியம்மா.

“எல்லாம் நீங்க வளத்ததுதான்.”

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு முதல் உரிமைக்காரன் பெரியப்பா, சித்தப்பா மகன். அவனுக்கு அவளைக் கட்ட மனசிருக்கிறதோ இல்லையோ, மண்டபத்தில் எழுந்து நின்று, “இவளை நான் மறிக்கிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், வேறொருவன் அவளைக் கட்ட முடியாது. கட்டினால் கட்டினவன் பிணம். நஷ்மியாவை மறித்தவன் மின்ஷித்தின் அண்ணன் ஜாசிப். உம் ஜாசிப் என்றால் ஜாசிப்பின் அம்மா என்றுதான் அர்த்தம். பட்டாளத்துக்குப் போகிற அன்று காலையில், என் காபியைக் குடித்துக்கொண்டே மறித்தான். அவளுக்குப் பதினேழு வயசு. அவள் மேல் அவன் உயிராக இருந்தான் என்றெல்லாம் சொல்ல முடியாது. போகிறவனுக்குத் தன்னுடையது என்று ஊரில் ஏதாவது ஒன்றை விட்டுப்போக வேண்டும் போல இருந்திருக்கும். எருமைகள் அண்ணன் தம்பிக்குப் பொது.

எட்டு வருஷத்துக்கு முன், ஈரான் பக்கத்து முஹம்மராச் சண்டையில் ஜாசிப் காணாமல் போனான். பட்டாளத்துத் தாளில் ‘காணவில்லை’ என்றுதான் வந்தது. செத்தவனுக்கு அழலாம், கைதியானவனுக்குக் காத்திருக்கலாம். காணாதவனுக்கு என்ன செய்வது என்று எங்கள் ஊரில் வழக்கம் இல்லை. அதனால் அவன் அம்மா ஒன்றும் செய்யவில்லை. அவன் பங்கு ரொட்டியைத் தினமும் சுட்டாள், அவ்வளவுதான். நஷ்மியாவின் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் அவள் வீட்டுக்கே வந்து ஒரே அடுப்பாக்கிக்கொண்டாள். ஒரு எருமையை இரண்டு பேரும் கறந்தார்கள், ஒரே போர்வையில் படுத்தார்கள். மகனுடைய மறிப்பு வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தது. அதனால் மகனும் எங்கேயோ நடமாடிக்கொண்டிருந்தான்.

இப்போது ஷம்கி பெண் கேட்டுவிட்டான். பம்பு மெக்கானிக். வாசலுக்கு வருமுன்பே டீசல் நாற்றம் வந்துவிடும். நஷ்மியாவுக்கு அந்த நாற்றம் பிடித்துப்போயிருந்தது. அவளுடைய அண்ணன் தாஹில் குவைத்தில் பட்டாளத்தில் இருந்தான். இன்னொரு சண்டை வரப்போகிறது என்று ரேடியோ கத்திக்கொண்டிருந்த மார்கழி அது. பேச ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று மின்ஷித்துக்குத் தைரியம்.

கெட்டில் போன மறுநாள் மண்டபத்தில் கூடினோம். மின்ஷித் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பேசினான்.

“அண்ணன் செத்திருந்தா உரிமை எனக்கு வரும். நான் அவளைக் கட்டிக்கறேன். ஒருத்தி இருந்தா என்ன, இன்னொருத்திக்கும் சோறு இருக்கு. உசிரோட இருந்தா அவன் மறிப்பு நிக்குது. எதுவானாலும் அந்த டீசல்காரனுக்கு இல்ல.”

ஷேக் தாடியைச் சொறிந்தார். “ஜாசிப் உசிரோட இருந்து, அவனே மறிப்ப எடுத்துட்டான்னா?”

“வந்து சொல்லட்டும். நானே முன்னால நின்னு மோளம் அடிக்கறேன்.”

“அவன் வர வேணாம். அவன் வாயால சொன்னதைக் காதால கேட்டவன் ஒருத்தன் வந்து இங்க சொன்னாப் போதும். இந்தப் பிறை தேயறதுக்குள்ள வரணும். வரலேன்னா மின்ஷித் பேச்சுதான் செல்லும்.”

தட்டிக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் ஒரு சின்ன அசைவு. நஷ்மியா எழுந்து போனது எனக்குத் தெரிந்தது.

அமாரா நகரத்துக்குப் போய் ஜாசிப்பைப் பற்றி விசாரிக்க அவளுக்கு ஒரு ஆண் துணை வேண்டும். மண்டபத்தில் காபிக்கொட்டை தீர்ந்துவிட்டது என்று ஷேக்கிடம் சொன்னேன். முதல் நாள்தான் மூட்டை வந்திருந்தது. ஷேக்கும் அதைப் பார்த்துக்கொண்டேதான் “போயிட்டு வா” என்றார்.

விடியலில் படகைத் தள்ளும்போது உம் ஜாசிப் கரையில் வந்து நின்றாள். துணியில் சுற்றிய அரிசி ரொட்டியும் பொரித்த மீனும் நஷ்மியாவின் மடியில் வைத்தாள்.

“போ. போயி என் புள்ளை செத்துட்டான்னு எழுதி வாங்கிட்டு வா.”

“பெரியம்மா, செத்தா எனக்கென்ன லாபம்? மின்ஷித்துக்கு ரெண்டாந்தாரமாப் போறதுக்கா? அவன் உசிரோட இருக்கணும்னு உங்களை விட நான் அதிகமா வேண்டறேன்.”

“நீ வேண்டறது அவன் உன்னை விடணும்னு.”

“ரெண்டும்தான்.”

“ரெண்டும் கெடைக்காது புள்ளே” என்றாள் அவள். படகைக் காலால் தள்ளிவிட்டாள்.

பனிமூட்டம். நாணல் நுனி மட்டும் தெரிந்தது. நான் கோல் ஊன்றினேன், அவள் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டாள். குளிர் எப்படிப்பட்டது என்றால், நான் பேசின பேச்சு உறைந்து நின்றது, திரும்பி வரும்போதுதான் காதில் விழுந்தது.

அமாராவில், காணாதவர்களைத் தேடித்தரும் செம்பிறைச் சங்கத்து அறையில் சுவர் நிறைய போட்டோ, வாசல் நிறைய தாய்மார். ஜாசிப்புக்கு இருந்த ஒரே போட்டோவில் பாதி எருமை. அதைக் காட்டியபோது குமாஸ்தா, “இதுல யாரு?” என்றான்.

“கொம்பு இல்லாதது” என்றாள் நஷ்மியா.

அவன் சிரிக்காமல் இருக்கப் பார்த்துச் சிரித்துவிட்டான். அதனால் கொஞ்சம் அக்கறையாகத் தேடினான். பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், படைப்பிரிவு. பெட்டியைத் திறந்தான், மூடினான், வேறு பெட்டி. நஷ்மியாவின் விரல்கள் மேலங்கிக்குள் பாய் முடைந்துகொண்டிருந்தன.

“இருக்கு” என்றான். “ஈரான்ல, வடக்கே, மலை மேல ஒரு முகாம். சங்கத்து ஆளுங்க நேர்ல பாத்துப் பதிஞ்சிருக்காங்க. கைதி நம்பர் இருக்கு.”

“உசிரோட?”

“பதிஞ்சப்ப உசிரோட. அடுத்த தடவை போனப்ப அந்த முகாம்ல அவர் இல்ல. வேற முகாமுக்கு மாத்தினதாவும் இல்ல.”

“அப்படின்னா?”

“அப்படின்னா, இந்த அட்டையில இதுக்கு மேல இல்லம்மா.” கொஞ்சம் யோசித்தான். “அதே முகாம்ல இருந்து புரட்டாசியில திரும்பின ஒரு ஆள் இருக்கார். முதஷ்ஷர்னு பேரு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டவ் ரிப்பேர் பண்றார்.”

முதஷ்ஷர் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து ஸ்டவ்வின் அடைத்த துளையை ஊசியால் குத்திக்கொண்டிருந்தான். முதுகுக்குச் சுவர், எதிரில் தெரு. யார் வந்தாலும் முதலில் அவர்கள் காலைத்தான் பார்த்தான். நாங்கள் ரொட்டியைப் பிரித்துக் கொடுத்தபோது பாதியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டான்.

நஷ்மியா போட்டோவை நீட்டினாள். வாங்கினான். வாங்கின வேகத்திலேயே திருப்பிக் கொடுத்தான். ஆயிரம் பேருக்குக் காபி ஊற்றியவன் நான், கோப்பையைத் திருப்பிக் கொடுக்கிற விதத்திலேயே ஆள் போதும் என்கிறானா போய்விடு என்கிறானா என்று தெரியும். இவன் கொடுத்தது மூன்றாவது விதம்.

“நீங்க யாரு அவனுக்கு?”

“அவன் மறிச்ச பொண்ணு.”

முதஷ்ஷர் ஊசியைக் கீழே வைத்தான். “நீதானா! ரெண்டு தண்ணிக்கு நடுவுல ஒரு ஊருன்னான். உங்க பக்கத்துல எந்த ஊருதான் ரெண்டு தண்ணிக்கு நடுவுல இல்ல? எங்கேன்னு போய்த் தேடுவேன்?”

“என்ன சொன்னான்?”

“எடுத்துட்டேன்னு சொல்லுன்னான். ‘பைத்தியக்காரத்தனமா ஒரு பொண்ணு வாசல்ல கல்லை வெச்சுட்டு வந்துட்டேன், யாராவது போனா எடுத்துடுங்க’ன்னான். ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை.”

நஷ்மியாவின் முகத்தில் நிறம் ஏறிற்று. போன கெட்டில் மூக்கு திரும்ப முளைத்தது போல எனக்கே இருந்தது.

“இப்ப எங்கே இருக்கான்?” என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவளை. “இல்லம்மா. பேர் பதிஞ்சுட்டுப் போன அந்தக் குளிர்காலத்தோட சரி. நெஞ்சுல சளி. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போயிற்று. அவள் போட்டோவை மேலங்கிக்குள் வைத்தாள். அழுகை வரவில்லை, அதற்கு முன்னால் கணக்கு வந்துவிட்டது. செத்துவிட்டான், ஆகவே உரிமை மின்ஷித்துக்கு. செத்தவன் எடுத்த மறிப்பைத் தம்பி மறுபடி போடலாம். சேதியில் பாதி அவளை விடுவித்தது, மறுபாதி பிடித்துக்கொண்டது.

அவள் முதஷ்ஷருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். துப்பாக்கி, ஷேக்கின் தீர்ப்பு, பெரியம்மா, ரொட்டி.

“அண்ணே, எங்க ஊருக்கு வந்து சொல்லுங்க.”

“எதைச் சொல்ல?”

“எடுத்துட்டான்னு.”

“அதைச் சொல்லுவேன். அது உண்மை. உசிரோட இருக்கானான்னு கேப்பானே உன் மின்ஷித்?”

“கேப்பான்.”

“நான் எட்டு வருஷம் பொய் சொல்லியே பொழச்சவன். காய்ச்சல் இல்லாதப்ப காய்ச்சல்னேன், இருக்கறப்ப இல்லேன்னேன். இங்க வந்து இனி பொய்யே வேணாம்னு ஒரு சாக்கு போட்டு உக்காந்திருக்கேன்.” ஸ்டவ்வைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான். “வரேன். என்ன சொல்லுவேன்னு தெரியாது. நம்பிக் கூட்டிட்டுப் போகாதே.”

“நம்பல. வாங்க” என்றாள் நஷ்மியா.

திரும்பும் வழியில் ஒரு இடத்தில் முதஷ்ஷர் கேட்டான்: “அவன் அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா செத்துடுவாங்க.”

“தெரியாம இருக்கறது என்ன, வாழறதா?” என்றான். அவள் துடுப்பை ஆழமாகப் போட்டாள். என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு, அன்று நானும் கோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முற்பகல் மண்டபம் நிரம்பிவிட்டது. இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவில் நெருப்பு, நெருப்பின் பக்கத்தில் நான். ஷம்கி வாசல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் எண்ணெய்ப் பிசுக்கு போகச் சாம்பல் தேய்த்துக் கழுவியிருந்தான், பாவம், நாற்றம் போகவில்லை. அவனுக்குப் பின்னால் வேண்டுமென்றே மின்ஷித்தின் மச்சான் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள். முதல் கோப்பையை முதஷ்ஷருக்குக் கொடுத்தேன். அவன் குடித்துவிட்டு எழுந்தான்.

“மலை மேல முகாம்ல ஜாசிப்போட ஒரே கொட்டடியில இருந்தேன். அவன் மறிப்ப எடுத்துட்டான். என்னைச் சாட்சியா வெச்சு, இவ பேர் சொல்லி, எடுத்தான். இந்தக் காதால கேட்டேன்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு. ஷம்கி நிமிர்ந்தான்.

“அதெல்லாம் சரி” என்றான் மின்ஷித். “ஆள் உசிரோட இருக்கானா?”

முதஷ்ஷர் நெருப்பைப் பார்த்தான். “நான் கெளம்பறப்ப அவனை அங்க விட்டுட்டுதான் வந்தேன்.”

நான் அசந்துபோனேன். ஐம்பது வருஷம் கதை விட்டிருக்கிறேன், இப்படி ஒரு பொய்யும் கலக்காத பொய்யை நான் நெய்ததில்லை.

மின்ஷித் முட்டாள் இல்லை. துப்பாக்கியைத் தரையில் ஊன்றி எழுந்தான். “சுத்தி வளைக்காதே. உசிரோட இருக்கான்னு சொல்லு. அப்பாஸ் மேல ஆணையிட்டுச் சொல்லு.”

மண்டபத்தில் எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். அல்லா பொறுமைசாலி, அவர் பேரில் எங்கள் ஆட்கள் தினம் நூறு தடவை ஆணையிட்டு மீன் விற்பார்கள். அப்பாஸ் அப்படியில்லை. கர்பலாப் போரில் இரண்டு கையும் வெட்டுப்பட்டு விழுந்த மகான், கோபக்காரர். எருமை திருடிய ஒருவன் அவர் பேரில் பொய்யாணையிட்டுவிட்டுப் படகேறினான், அக்கரையில் இறங்கும்போது எருமைக் குரலில்தான் பேசினான். அவன் பெண்டாட்டி அவனைக் கறக்கப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஷேக்கும் வேறு வழியில்லாமல் தலையசைத்தார். “ஆணையிடு தம்பி. முடிஞ்சுது.”

முதஷ்ஷரின் வலது கை மெல்ல எழுந்தது. மார்பு வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. நெற்றியில், அந்தக் குளிரில், வியர்வை. அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. பொய்யாணை இட்டால் அவன் கெட்டான், இடாவிட்டால் அவள் கெட்டாள். என் கையிலிருந்த காபிப் பாத்திரம் சாய்ந்து நெருப்பில் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒருவரும் திட்டவில்லை.

தட்டி விலகியது. உம் ஜாசிப் உள்ளே வந்தாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கிற மண்டபத்துக்குள் ஒரு பெண் வந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நெருப்பைச் சுற்றிக்கொண்டு நேராக வந்தாள். வருகிற வழியில் முதஷ்ஷரின் முகத்தை ஒரே ஒரு தரம் பார்த்தாள், எழுந்து நின்ற கையையும் பார்த்தாள். தலையில் சுற்றியிருந்த கறுப்புத் துணியை உருவி மின்ஷித்தின் காலடியில் போட்டாள். அவளுடைய நரைத்த தலையை ஊர் முழுக்கப் பார்த்தது. பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணைத் தாழ்த்தினார்கள்.

“கையைக் கீழ போடுப்பா” என்றாள் முதஷ்ஷரிடம். பிறகு மகனிடம் திரும்பினாள். “என் மூத்தவன்கிட்ட இருந்து சேதி கொண்டாந்த விருந்தாளிடா இவன். விருந்தாளிய ஆணையிடச் சொல்ற அளவுக்கு நம்ம வீடு கெட்டுப்போச்சா? அவன் எடுத்துட்டான்னு சொல்றான். பெத்தவ நான் நம்பறேன். உனக்கு என்ன?”

“அம்மா, உனக்குப் புரியல. இவன் பொய்...”

“எனக்குப் புரிஞ்சது உனக்குப் புரிய வேணாம். அந்தப் பொண்ணு போகட்டும். துணியை எடு.”

பெண் தலைத்துணியை உருவிப் போட்டுக் கேட்டால், கொலைகாரனும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவனுக்கு எங்கள் தண்ணீரில் படகு விட இடம் கிடையாது. மின்ஷித் துணியைப் பார்த்தான், சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் பக்கம் பார்க்க ஆள் இல்லை. துப்பாக்கியை மச்சானிடம் எறிந்துவிட்டுக் குனிந்தான். குனிவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மனிதனை நான் கண்டதில்லை. துணியை எடுத்து, மண்ணைத் தட்டி, அம்மாவின் தலையில் போட்டான்.

“முடிஞ்சுது” என்றார் ஷேக். “காபி ஊத்துடா கெழவா. இருந்தா.”

முதஷ்ஷரைத் திரும்பக் கொண்டுவிட நான் படகை அவிழ்த்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. உம் ஜாசிப் தனியாகக் கரைக்கு வந்தாள். ரொட்டியை அவன் பக்கத்தில் வைத்தாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரம் உட்கார்ந்தாள்.

“அவனைக் குளிப்பாட்டினது யாரு?”

முதஷ்ஷர் என்னைப் பார்த்தான். நான் கோலைப் பார்த்தேன்.

“நான்தான், அம்மா.”

“ஒண்டியாவா?”

“இன்னொருத்தன் தண்ணி ஊத்தினான்.”

“தண்ணி இருந்துச்சா அங்க?”

“பனிய அள்ளி உருக்கினோம். அடுப்புல வெச்சு, கை பொறுக்கற சூட்டுல.”

அவள் தலையை ஆட்டினாள். அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்டவ் கரி ரேகைகளில் இறங்கியிருந்தது. குனிந்து ஒன்றை முத்தமிட்டாள், பிறகு மற்றதை.

“அவகிட்ட, எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க” என்றாள் என்னிடம். “கல்யாணப் பொண்ணு. போங்க, இருட்டறதுக்குள்ள.”

படகு வளைவு திரும்பும்போது ஊரில் குலவைச் சத்தம் கிளம்பிற்று. முதல் குரல் யாருடையது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அந்தக் குரல் நீண்டு, உடையாமல், மற்றக் குரல்கள் வந்து சேர்கிறவரைக்கும் தனியாக நின்றது.

முதஷ்ஷர் இரண்டு கையையும் மூடி மடியில் வைத்திருந்தான். அமாரா வருகிறவரைக்கும் திறக்கவில்லை. ரொட்டியை நான்தான் பிட்டு வாயில் கொடுக்க வேண்டியிருந்தது.